ஆடியில் ரெண்டு அமாவாசை

ஒரு சேலத்துப் பெரியவர் ரிசப்ஷன் கவுண்டருக்கு முன்னால் நின்ற காலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் பதினெட்டு வருசம் ரிசப்ஷன் பார்த்தவன் நான். ஃப்ரண்ட் ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சீட்டில் உட்காருங்கள்.

அந்த வருசம் ஆடி மாசம் பிறக்கும்போது ஒரு அமாவாசை, முடியும்போது இன்னொன்று. போனில் ரூம் கேட்கிறவர்கள் எங்களிடம் தேதி சொல்ல மாட்டார்கள். "ஆடி அமாவாசைக்கு ஒரு ரூம் போட்டு வைங்க" என்பார்கள். நாங்களும் நோட்டில் அப்படியே எழுதுவோம். மற்ற வருசமெல்லாம் அதில் ஒரு சிக்கலும் வந்ததில்லை.

ஒரு நாள் முதலாளி வந்தார். "முருகேசா, ரெண்டாவதுதான் பெரிய அமாவாசையாம். நோட்டுல இருக்கிறத பூராம் அதுக்கு மாத்திரு. மொத அமாவாசைக்கு ரூம்களை ஆன்லைன்ல ஓப்பன் பண்ணி விட்டுரு."

"கெஸ்ட்டுகளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருவமா முதலாளி?"

"நீ என்ன பெரிய கலெக்டரா? சொன்னதச் செய்யி."

செய்தேன். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் நம்பர் இருந்தது. ஒருத்தருக்கும் போடவில்லை. மடையன்!

முதல் அமாவாசை அன்று காலை எட்டு மணிக்கு அந்தப் பெரியவர் வந்தார். வீல்சேரில் அவர் சம்சாரம். பக்கவாதம், வலது கையும் காலும் வராது. ஒரே மகன் போன வருசம் இறந்துவிட்டான். அவனுக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்திருக்கிறார்கள். கீழ்த்தளம், வெஸ்டர்ன் டாய்லெட் என்று சொல்லித்தான் ரூம் கேட்டிருந்தார். அந்த ரூமில் ஆன்லைன் பார்ட்டி படுத்துக் கிடந்தது.

"உங்க பேரு அடுத்த அமாவாசையில இருக்கு சார்" என்றேன், கூச்சமே இல்லாமல்.

"எந்த அமாவாசைக்கு வர்றோம்னு எங்களக் கேக்காம நீங்களே முடிவு பண்ணீட்டீங்களா?" அவர் சத்தம் போடவில்லை. "இவ வேன்ல அவ்வளவு தூரமும் அடக்கிக்கிட்டு வந்திருக்கா. பாத்ரூமாவது காட்டுங்க."

எங்கள் பொது பாத்ரூம் ரெண்டு படி ஏறிப் போகணும், கீழே குத்தவைத்து உட்காரணும். ஆறு லாட்ஜுக்கு போன் அடித்தேன். எல்லாம் ஃபுல்.

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் நூர்ஜஹான் அங்கே வந்தார். பாம்பன்காரர். "என்னண்ணே போனையே நோண்டிக்கிட்டு நிக்கிய? அந்தம்மா முகத்தப் பாத்தியளா? நூத்தியொண்ணு சும்மாதான கெடக்கு."

நூற்றியொன்று முதலாளி தனக்கென்று பூட்டி வைத்திருக்கும் ரூம். அவருக்கு போன் போட்டேன். "அதத் தொறந்த, நாளைக்கு வேலைக்கு வராத" என்று கட் பண்ணிவிட்டார். நான் ரிசீவரைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன்.

நூர்ஜஹான் போர்டிலிருந்து சாவியை உருவினார். "முதலாளிக்கு அப்பறமாப் பதில் சொல்லிக்கிறலாம். அல்லாவுக்கு என்னண்ணே சொல்றது?"

அந்தம்மாவைக் கூட்டிப் போய், குளிப்பாட்டி, சேலை மாற்றிவிட்டு, கடற்கரை வரைக்கும் அவரே வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். நூர்ஜஹானைப் பார்த்துக் கும்பிட்டார். "இவ கையாலயும் எள்ளும் தண்ணியும் விட்டாச்சும்மா" என்றார்.

சாயங்காலம் முதலாளி வந்து குதித்தார். "எவன்டா தொறந்தது?"

"நாந்தான்" என்றார் நூர்ஜஹான்.

"நாளையிலருந்து நீ வரவேணாம்."

அவர் சாவிக்கொத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். என் மகளைக் காலேஜில் சேர்த்த சமயம் அது என்று பல நாள் எனக்கு நானே சால்ஜாப்பு சொல்லியிருக்கிறேன். தூ!

புக்கிங்கை நகர்த்தும் முன் கெஸ்ட்டைக் கேளுங்கள், ஒரு போன்தான். தப்பு உங்கள் கையால் நடந்திருந்தால் முதலாளி கேட்கும்போது வாயைத் திறங்கள். நோட்டில் மாற்றி எழுதியது நான். வேலை போனது நூர்ஜஹானுக்கு. நான் அன்றைக்கு டியூட்டி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.