அது சிரிப்பு இல்லை

பிரஸ்ஸில் கை மாட்டிக்கொண்டவரைப் பார்த்து நான் சிரித்தேன். பார்த்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். என் முகத்தைப் பார்த்த யாரும் வேறு மாதிரி சொல்லியிருக்க முடியாது.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் வேலை செய்கிறேன். ஃபியூஸ் கட்டைகள் செய்யும் யூனிட். பதமாக்கிய களிமண்ணை அச்சில் வைத்து, மேலிருந்து பிரஸ்ஸை இறக்கினால் கட்டையின் வடிவம் வந்துவிடும். அன்று காலை பக்கத்து மெஷினில் இருந்தவர் அச்சில் ஒட்டிய மண்ணைச் சுரண்டக் கையை உள்ளே விட்டிருக்கிறார். பிரஸ் இறங்கிவிட்டது. அவர் கத்தவில்லை. "அண்ணே" என்று மட்டும் கூப்பிட்டார். ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன். கையை வெளியே எடுத்துத் துண்டைச் சுற்றினேன். ஆட்டோவில் ஏற்றி, அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவ்வளவு நேரமும் என் உதடுகள் இரண்டு பக்கமும் இழுத்தபடி, பல் தெரிய நின்றன.

செய்தி கேட்டு ஓடி வந்த அவர் மனைவி என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். என் சட்டை முழுக்க அவர் கணவரின் ரத்தம்.

"அவரு கையே போச்சு. நீ சிரிச்சிக்கிட்டு நிக்கிற."

சத்தம் போடாமல், மெதுவாகத்தான் சொன்னார். வாயை மூடப் பார்த்தேன். அவர் முறைக்க முறைக்கச் சிரிப்பு இன்னும் அகலமானது. யூனிட்டிலிருந்து வந்திருந்த ஒருவர் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். "நீ இங்க இருக்காத. வூட்டுக்குப் போ."

கை மாட்டியவருக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி கேட்டுக்கொண்டே என் சட்டையை வாளியில் அமுக்கினாள். தண்ணீர் சிவந்தது. அவள் நிமிராமலே பேசினாள்.

"எனக்கு மொதக் கொழந்த கலைஞ்சுதே, அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சீங்க. கட்டிலாண்ட நின்னுக்கிட்டு."

எனக்கு அது நினைவில் இல்லை. அவளை அன்று வீட்டுக்குக் கூட்டி வந்தது நினைவிருக்கிறது. கஞ்சி வைத்துக் கொடுத்தது நினைவிருக்கிறது. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"இத்தன வருசமா ஏன் கேக்கல?"

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா என்னா பண்றது? புள்ள போனது உங்களுக்குச் சந்தோஷம்னு ஆயிடும்ல." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "யாராண்டயாச்சும் போயிக் காட்டுங்க. எனக்கு இதுக்கு மேல முடியாது."

அதே ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு என்று ஒரு சின்ன அறை இருந்தது. அங்கே ஆலோசகராக இருந்த பெண் என்னைவிட வயதில் சிறியவர். எதிரில் உட்கார்ந்து, விபத்து, அடிபட்டவரின் மனைவி, என் மனைவி, கலைந்த குழந்தை என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதும் பல் தெரிந்துகொண்டுதான் இருந்தது. முடித்த பிறகு அவர் கேட்டார்.

"இப்ப உங்களுக்குப் பயமா இருக்குதுங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தாடை வலித்தது. காது இரண்டும் அடைத்திருந்தன. மூச்சு நெஞ்சோடு நின்றிருந்தது. இவ்வளவும் எனக்குள் நடந்துகொண்டிருந்தது அவர் கேட்கும்வரை எனக்குத் தெரியாது.

"இருக்குதுங்க மேடம்," என்றேன்.

அதன் பிறகு அப்பாவின் பேச்சு வர அதிக நாளாகவில்லை. அப்பா களிமண் லாரி ஓட்டினார். வெளியில் நல்ல பெயர். மாதா கோயில் திருவிழாவில் தேர் தூக்க முதல் ஆளாகப் போவார். வீட்டில் எதற்குக் கோபம் வரும் என்று சொல்ல முடியாது. குழம்பில் உப்பு, வாசலில் கிடக்கும் செருப்பு, அம்மா பதில் சொன்னது, சொல்லாதது, எதுவாகவும் இருக்கலாம். பெல்ட்டால் அடிப்பார். நான் அழுதால் கோபம் இரண்டு மடங்காகும். "ஆம்பளப் புள்ள அழுவுமா? சிரி. பல்லு தெரியணும்." பல் தெரிந்தால் பெல்ட் சுவர் ஆணிக்குப் போய்விடும். தெரியாவிட்டால் போகாது. பெல்ட்டைக் கழற்றும்போதே சிரித்துவிட்டால் சில சமயம் அடியே விழாது என்று பிறகு கண்டுபிடித்தேன். கடைசியில், தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டாலே என் முகம் தயாராகிவிடும்.

"அந்த வயசுல உங்களுக்கு வேற வழி இருந்துச்சாங்க?" என்று கேட்டார் ஆலோசகர்.

"இல்ல."

"உங்க ஒடம்பு ஒரு வழி கண்டுபிடிச்சு உங்களக் காப்பாத்துச்சு. அந்த பெல்ட்டு இப்ப இல்லைன்னு அதுக்கு இன்னும் யாரும் சொல்லல."

இதைக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டதாக எழுதினால் அது பொய். அதன் பிறகுதான் மோசமானது. தூக்கத்தில் பல்லைக் கடித்தேன். ஜங்ஷனில் ரயில் ஹாரன் அடித்தால் பைக்கை ஓரம் கட்டிவிட்டு நின்றேன். எதற்கு இதையெல்லாம் கிளறினோம் என்று கோபம் வந்து, கொஞ்ச காலம் அந்த அறைப் பக்கமே போகவில்லை. வீட்டில் நான் யாரோடும் பேசாமல் இருந்தேன். என் மகள் நான் உள்ளே வந்தால் டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். யாரும் சொல்லாமலே குறைத்தாள். அதைப் பார்த்த மறுநாள் திரும்பவும் போய் உட்கார்ந்தேன்.

"சிரிப்ப நிறுத்தப் பாக்காதீங்க," என்றார் அவர். "நிறுத்த நிறுத்த அது ஏறும். பாதத்தத் தரையில அழுத்திக்குங்க. மூச்ச மெதுவா வெளிய விடுங்க. முடிஞ்சா, இது என்னான்னு எதிர்ல இருக்கிறவங்ககிட்ட வாயால சொல்லிடுங்க."

சுலபமான வேலை மாதிரிதான் கேட்டது.

அப்பா வந்தது அந்தச் சமயத்தில். எங்கள் மாவட்டத்து மங்களூர் பக்கம் என் தம்பி வீட்டில் இருந்தார். கண்ணில் புரை வளர்ந்து ஆபரேஷன் செய்தார்கள். மருந்து விடவும் திரும்பக் காட்டவும் வசதியாக, சில நாள் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று தம்பி கொண்டுவந்து விட்டான். அம்மா இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு கண்ணில் கட்டோடு, கட்டிலில் சாய்ந்து, அப்பா சாதுவாகத்தான் இருந்தார். ஆனாலும் அவர் இருமினால்கூட எனக்குக் காது அடைத்தது.

ஒரு சாயங்காலம் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்கால் கிழிந்து, அழுதுகொண்டே உள்ளே வந்தாள். என் மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் பஞ்சும் தண்ணீரும் எடுக்க அடுப்படிக்குள் போனேன். அங்கே நிற்கும்போது அப்பாவின் குரல் கேட்டது.

"அழுவாத. சிரி. எங்க, சிரி பாப்போம்."

அதட்டவில்லை. விளையாட்டாகச் சொல்வது போலத்தான் இருந்தது. மகள் விசும்பினாள்.

"சிரின்னு சொல்றன்ல."

அழுகை சட்டென்று நின்றது. நான் அடுப்படி வாசலுக்கு வந்தபோது அவள் தாத்தாவைப் பார்த்தபடி நின்றிருந்தாள். காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவள் உதட்டின் இரண்டு ஓரமும் மெல்ல மேலே ஏறின.

கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"அவ அழட்டும்பா."

"என்னா?"

"வலிக்குது அவளுக்கு. அழட்டும்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டில்லாத கண்ணால் என் முகத்தையே பார்த்தார். "என்னையே எதுத்துப் பேசுற. அதுவும் சிரிச்சிக்கிட்டு."

என் பல் முழுக்க வெளியே தெரிந்துகொண்டிருந்தது. பாதத்தை அழுத்தினேன். தரை இருப்பதே தெரியவில்லை. மூச்சு வெளியே வரவில்லை. அப்பா எழுந்திருப்பதற்காக, கட்டில் சட்டத்தைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான். என் இரண்டு கைகளும் தானாக மேலே போய்த் தலையை மூடிக்கொண்டன.

மெதுவாகக் கையை இறக்கினேன்.

"இது சிரிப்பு இல்லப்பா," என்றேன். குரல் என்னுடையது போலவே இல்லை. "பயம். நீங்க எதிர்ல இருந்தா எனக்கு இப்படித்தான் ஆவுது. சின்ன வயசுலேர்ந்து."

"ஊரு ஒலகத்துல புள்ளைய அடிக்காத அப்பன் எவன் இருக்கான்?"

"இருக்காங்கப்பா. எம் பொண்ண நான் அடிச்சதில்ல. இந்த வூட்டுல அவள யாரும் சிரின்னு சொல்லக் கூடாது."

பின்னால் மகள் ஓவென்று அழத் தொடங்கினாள். அவளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் காயத்தைக் கழுவினேன். மண் போகத் தேய்க்கத் தேய்க்க அவள் இன்னும் சத்தமாக அழுதாள். கழுவி முடித்ததும் அவளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றும் அப்பாவுக்குக் கண் மருந்து விட வேண்டியிருந்தது. மனைவி தான் விடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று நானே போனேன். அவர் மல்லாந்து படுத்திருந்தார். கட்டைப் பிரித்து இமையை விலக்கினேன். அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை.

"கை ஏன் நடுங்குது?" என்றார்.

"சொன்னேன்லப்பா."

சொட்டு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டார். மருந்து கன்னத்தில் வழிந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"ஒங்கம்மா சொன்னா ஒருவாட்டி. புள்ள ஒரு மாதிரியா சிரிக்கிறான், பாக்கவே பயமா இருக்குதுன்னு." நிறுத்தினார். "நான் கேட்டுக்கல."

மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. கண்ணைத் திரும்பக் காட்டிய கையோடு தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்றார். பஸ் ஏற்றிவிட்டேன். "போயிட்டு வரேன்" என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். நான் அவரை மன்னிக்க வேண்டுமா என்று ஆலோசகரிடம் நானே கேட்டேன். அது உங்கள் வேலையே இல்லை, தோன்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

இப்போதும் அது வருகிறது. போன வாரம் யூனிட் முதலாளி சூளையில் விரிசல் விட்ட சரக்குக்காகக் கத்தியபோது வந்தது. "இது சிரிப்பு இல்லைங்க சார், எனக்குப் பயம் வந்தா மொகம் இப்படி ஆயிடும்" என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

நேற்று மாதா கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது மகள் புதுச் சட்டை குத்துகிறது, போடமாட்டேன் என்றாள். நேரமாகிறது, போடு என்றேன். "எனக்குக் கோவமா இருக்குதுப்பா. நீ சொல்றதையே சொல்லிக்கிட்டு இருக்குற" என்று என் முகத்துக்கு நேராகக் கத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் முகம் சிவந்திருந்தது. உதட்டில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. எனக்கும் கோபம்தான். ஆனால் கொஞ்ச நேரம் அந்தக் கதவுக்கு வெளியே நின்று, அவள் உள்ளே பொருட்களை உருட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவளுடைய பழைய சட்டையை எடுத்துத் தேய்க்கப் போனேன்.