ஏழாம் வகுப்புக்குக் கொடுத்த சவால்

அரசுப் பள்ளியில் பாடம் நடத்துவது என்பது, படிவம் நிரப்பிய நேரம் போக மிச்சம் கிடைத்தால் செய்கிற வேலை. நீங்களும் என்னைப் போல் கையில் சாக்பீஸும் பையில் ஸ்டாப்ளருமாக அலைகிறவர் என்றால், நான் சொல்லப் போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. உத்திரமேரூர் பக்கம், மானாம்பதி போகிற வழியில் ஒரு நடுநிலைப் பள்ளி. எனக்கு ஏழாம் வகுப்பு. போன வருஷம் எங்களுக்குப் புதிதாக ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஊருக்கு ஒரு சேவை செய்ய வேண்டும். அதோடு, தனக்குக் கஷ்டமான ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து வெல்ல வேண்டும். அதற்குப் பெயர் தனிச்சவால்.

பதினாறாம் வாய்ப்பாடு

உதாரணத்துக்கு என்று சொல்லி நான் கரும்பலகையில் ‘பதினாறாம் வாய்ப்பாடு’ என்று எழுதியது தப்பு. இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேருக்கு அதுவே சவாலாகிவிட்டது. ஜெபராணி மட்டும் ‘பேசறது’ என்று எழுதியிருந்தாள். காலனியிலிருந்து வருகிற பெண். அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. அவளுக்குத் திக்கும். பெயர் கேட்டால் ‘ஜெ’யிலேயே நின்றுவிடுவாள். வகுப்பு காத்திருக்கும், யாராவது சிரிப்பார்கள், அவள் உட்கார்ந்துவிடுவாள். அதனால் ஆசிரியர்கள் எல்லோரும் அவளிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார்கள். நானும்தான்.

தலைமை ஆசிரியர் படிவங்களைப் புரட்டினார். கெட்ட மனிதர் இல்லை, களைத்துப் போனவர். அவளுடைய தாளை மட்டும் உருவி என் பக்கம் தள்ளினார்.

“டீச்சர், சாதனை பண்ற மாதிரி எதையாவது எழுதச் சொல்லுங்க. பிரச்சனையை எழுத வச்சா, அதுக்குன்னு தனியா இன்னொரு படிவம் வரும்.”

நான் மாற்றவில்லை. அந்த வருஷத்தில் நான் காட்டிய தைரியம் அவ்வளவுதான் என்று அப்போது தெரியாது.

குழு பிரித்தது

சேவைக்கு வரிசை எண்படி குழு பிரித்தேன். அப்படிப் பிரித்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று நினைத்தேன். ஜெபராணியும் சௌமியாவும் ஒரே குழுவில் வந்தார்கள். அவர்களுக்குக் காலனித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுத்தம் செய்கிற வேலை. சௌமியா வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவள். அவள் வீட்டுக்கு ஏரிப் பாசனத்தில் நிலம் உண்டு. இரண்டு பெண்களும் விளக்குமாறு யார் கொண்டுவருவது என்பது வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை சௌமியாவின் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். “நான் ஒண்ணும் பாக்கறவன் இல்ல டீச்சர். வூட்ல பெரியவங்க கீறாங்க. ஊர்ல நாலு பேர் பேசிக்கினு திரிவாங்க. பாப்பாவ ஸ்கூல் பக்கமே எதனா செய்யச் சொல்லுங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். அன்று மத்தியானமே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊர், காலனிப் பிள்ளைகளுக்குக் காலனி என்று திருத்தி எழுதினேன். என் கையெழுத்தில்தான்.

சௌமியா மேசை அருகில் வந்து நின்றாள். அழவில்லை.

“மிஸ், ஜெபராணி கிட்ட நானே சொல்லிடட்டுமா, நீங்க சொல்றீங்களா?”

பெருக்கின இடத்தில் பெருக்கியது

சௌமியாவின் புதுக் குழு பள்ளி வாசலைப் பெருக்கியது. வாசல் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. போட்டோவில் குப்பை தெரியவில்லை என்று தலைமை ஆசிரியர் வேப்ப மரத்தை உலுக்கச் சொன்னார். இலை விழுந்தது, பிள்ளைகள் பெருக்கினார்கள், நான் படம் எடுத்தேன். பத்தடி தள்ளிச் சாக்கடை ஓரம் நிஜமான குப்பை மலையாகக் கிடந்தது. அதையும் எடுக்கலாமே என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னேன்.

“அது வேணாம் டீச்சர். அத எடுத்தா ஸ்கூலுக்குக் கெட்ட பேரு.”

மாத்திரை உறை

தொட்டி வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஜெபராணி தானாகவே இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். காலனியில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிறவர்கள் நிறைய. பலருக்குப் படிக்கத் தெரியாது. காலை மாத்திரையை இரவிலும், இரவு மாத்திரையைத் தோன்றும்போதும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கிராம சுகாதார நர்ஸிடம் கேட்டு, ஒவ்வொரு உறையிலும் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று வரைந்தாள். வரைந்தால் போதாது, விளக்கவும் வேண்டுமே. வீடு வீடாகப் போனாள்.

ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். ‘சாப்பிட்டு’ என்ற சொல்லில் ‘சா’ வரவே வரவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஏழுமலை அவசரப்படவில்லை. அவருக்கு வேறு வேலையும் இல்லை, எங்கள் வகுப்பைப் போல மணியும் இல்லை. அவள் முழுசாகச் சொல்லி முடித்தாள். எங்கள் பள்ளியில் அவளுக்கு அது இரண்டாவது வருஷம். அவள் ஒரு வாக்கியத்தை முடித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். ஏழுமலை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் சரி பாப்பா. மய வர்ற அன்னிக்கு சூரியன் மாத்திரைய இன்னா பண்றது?”

மூன்று நிமிஷம்

வட்டார அளவில் பள்ளிக்கு ஒரு மாணவர் மேடையேறி மூன்று நிமிஷத்துக்குள் தன் சேவையைச் சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியர் சௌமியாவை அனுப்பலாம் என்றார். ஜெபராணிதான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அது அவளுக்காகவா, அந்தப் பட்டியலைத் திருத்திய என் கைக்காகவா என்று என்னைக் கேட்காதீர்கள். சௌமியாவே தினமும் மத்தியானம் அவளை உட்காரவைத்துப் பேசவைத்தாள். பள்ளிக்குள் அதை யாரும் தடுக்கவில்லை.

உத்திரமேரூரில் ஒரு பள்ளியின் அரங்கம், மைக், இருநூறு பிள்ளைகள். ஜெபராணி ‘அனைவருக்கும் வணக்கம்’ சொல்லவே ஒரு நிமிஷம் ஆனது. கூட்டத்தில் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அதுவும் அடங்கி வெறும் மின்விசிறிச் சத்தம். மாத்திரை உறையைக் கையில் உயர்த்திப் பிடித்தாள். ‘இது’ என்றாள். மணி அடித்துவிட்டார்கள். உறையைப் பிடித்த கையை அவள் உடனே இறக்கவில்லை.

நடுவர்களில் ஒருவர் கீழே வந்து என்னிடம் அன்பாகத்தான் பேசினார்.

“நல்ல முயற்சி டீச்சர். அடுத்த வருஷம் நல்லா பேசற புள்ளையா பாத்து அனுப்புங்க.”

சூளைக்குப் போன்

பொங்கல் லீவு முடிந்து அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. குடும்பத்தோடு திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள் என்று ஏழுமலை சொன்னார். அம்மாவின் நம்பரும் அவர்தான் கொடுத்தார். எடுக்கவே இல்லை. ஜூனில் திரும்பிவிடுவார்கள் என்றார்கள். ஜூனில் பள்ளி திறந்தது. இந்த வருஷம் எட்டாம் வகுப்பும் எனக்கே வந்தது, அதன் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை எழுதினேன். தினமும் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறேன், தினமும் ஆப்சென்ட் போடுகிறேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் போனை அவளே எடுத்தாள். சீசன் முடிந்தும் அங்கேயே வேறு வேலைக்கு அவர்களை நிறுத்திக்கொண்டார்களாம். பள்ளிக்கூடம் தூரமாம், பஸ் கிடையாதாம். சுற்றியிருக்கிற குடும்பமெல்லாம் வேறு பாஷை பேசுகிறவர்களாம். இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று, நான் காத்திருந்தேன். அங்கே போய் அவளைக் கூட்டிவர எனக்கு வழி தெரியவில்லை. கேட்பதற்கும் வேறொன்றும் தோன்றாமல், பேசிப் பழகுகிறாயா என்று கேட்டுவைத்தேன்.

“இ... இங்க பேசறதுக்கு ஆளே இல்ல மிஸ். அதனால திக்கறதே இல்ல.”

இத்தனை வருஷ சர்வீஸில் உங்களிடம் உறுதியாகச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது: பிள்ளைகள் வளர்கிறார்கள் என்பது நிஜம், அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டா என்பதுதான் சந்தேகம்.