கோயிலில் வாசித்துவிட்ட பரீட்சை

இந்த வாரப் பத்தியில் வேறு எதையாவது எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மழைத் தண்ணீர், ரோட்டுப் பள்ளம், கொசு... விஷயமா இல்லை? ஆனால் போன சனிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது எங்கள் ஏரியா மில்லர்புரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு உங்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் தலைகுனிந்த கதை. சொல்லிவிடுகிறேன்.

என் மகள் கிருபா பிளஸ் டூ படிக்கிறாள். சட்டம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நான் திணித்தது இல்லை, சத்தியமாக. பெரிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர டிசம்பரில் ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது அல்லவா? அதற்காகப் போன வருஷத்திலிருந்தே ஆன்லைனில் கோச்சிங்.

ஆசை அவளுடையது. பெருமை மட்டும் என்னுடையது. சில மாதம் முன்பு இதே இடத்தில், எங்கள் வீட்டில் ஒரு வக்கீல் தயாராகிறார் என்று நான் பீற்றிக்கொண்டது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மறந்திருந்தால் ரொம்ப சந்தோஷம்.

பத்தியோடு விட்டேனா? கோயிலிலும் கொடுத்தேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் நாங்கள் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வோம். பாஸ்டர் எங்களுக்கு ஐயர். ஞாயிறு ஆராதனையில் ஐயர் மைக்கில் ஜெபக் குறிப்புகளை வாசிப்பார். ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள், கப்பலில் வேலைக்குப் போயிருப்பவர்கள், வரன் தேடுகிறவர்கள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள்... ஒவ்வொரு பெயராக வரும். சபை முழுக்கக் கண்ணை மூடி அவர்களுக்காக ஜெபிக்கும். நல்ல வழக்கம். கஷ்டத்தில் இருக்கிறவனுக்குத் தன் பெயரைச் சொல்ல இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது சின்ன ஆறுதலா?

ஆனால் என்னைப் போன்ற ஆட்கள் அதை வேறு ஒன்றுக்கும் பயன்படுத்துவோம். எங்கள் பூர்வீகம் நாசரேத், இந்தப் பக்கத்து ஊர்தான். படிப்பு என்றால் எங்கள் குடும்பங்களுக்கு ஒரு கிறுக்கு. மகள் பெரிய படிப்புக்குப் போகிறாள் என்று நானே வீடு வீடாகச் சொன்னால் அது தற்பெருமை. அதையே ஐயர் மைக்கில் வாசித்தால்? ஜெபக் குறிப்பு!

ஆகஸ்டிலேயே கொடுத்துவிட்டேன். "தேசிய அளவிலான சட்ட நுழைவுத் தேர்வு எழுதவிருக்கும் செல்வி கிருபாவுக்காக..." முதல் தடவை வாசித்த அன்று, வாசலில் என் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் எத்தனை பேர் கை கொடுத்தார்கள்! அடுத்த வாரமும் வாசித்தார்கள். அதற்கடுத்த வாரமும். கிருபா பெஞ்சில் தலையைக் குனிந்துகொள்வாள். நான் நிமிர்ந்து உட்காருவேன்.

அக்டோபரில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது.

வாரக்கணக்கில் படுக்கை. இளநீர், கஞ்சி, உப்பில்லாத இட்லி. எழுந்து நடமாட ஆரம்பித்தபோது முகம் பாதியாகியிருந்தது. ஸ்கூலுக்குப் போய் வந்தால் யூனிஃபார்மோடு சோபாவில் சாய்ந்து அப்படியே தூங்கிவிடுவாள். பிளஸ் டூ பாடம் மலையாகக் குவிந்து கிடந்தது. மாக் டெஸ்ட் எழுத உட்கார்ந்தால் பாதியிலேயே கண்ணை இருட்டுகிறது என்றாள்.

ஒரு நாள் காலை. நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள்.

"அப்பா, இந்த வருஷம் இந்த டெஸ்ட் வேண்டாம்ப்பா. பப்ளிக் எக்ஸாமை ஒழுங்கா எழுதிக்கிடுதேன். இதை அடுத்த வருஷம் எழுதுதேன்."

"ஏளா, ஒரு வருஷம் வீட்டுல சும்மா இருப்பியா?"

"சும்மா ஏன் இருக்கப்போறேன்? இதுக்குத்தான் படிப்பேன்."

நியாயமான பேச்சு. பிள்ளையை விரட்டாதீங்க என்று டாக்டரும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அந்த இடத்தில் ஓர் அப்பன் என்ன கேட்க வேண்டும்? உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் காலேஜுக்குப் போய்விடுவார்களே, உனக்கு வருத்தமாக இருக்காதா என்று கேட்கலாம். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"ஏளா, கோயில்ல வாசிச்சாச்சே... இப்ப ஆளுங்ககிட்ட என்ன சொல்லுறது?"

இதை எழுதவே கூசுகிறது. ஆனால் இதைத்தான் கேட்டேன்.

கிருபா போகத் திரும்பினாள். நான் விடவில்லை. "சும்மா போயி எழுதிட்டு வா. வந்தா வருது, வராட்டிப் போவுது."

"எழுதினா ரிசல்ட் வரும்ப்பா. அதையும் வாசிக்கக் கொடுப்பீங்க."

 பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

எனக்கு வேலை ஹார்பர் பக்கம், ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில். சொன்ன நேரத்துக்குள் கண்டெய்னர் வந்து சேராவிட்டால் கப்பல் காத்திருக்காது. சரக்கு அனுப்பியவர்கள் போனில் அழாத குறையாகப் பேசுவார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் எனக்குப் பாதி வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் போன் வரும். என் மனைவி சுகந்தி அந்த வசனத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் அதை எனக்கே திருப்பிச் சொன்னாள்.

"ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் சொல்லுதீங்க, 'அடுத்த கப்பல்ல போவும் அண்ணாச்சி, சரக்கு ஒண்ணும் கெட்டுப்போவாது'ன்னு. நம்ம பிள்ளைக்கு மட்டும் அடுத்த கப்பல் கிடையாதோ, அத்தான்?"

சுகந்தி ஸ்கூல் டீச்சர். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நிற்பாள். நான் டி.வி. சத்தத்தைக் கூட்டினேன்.

அதற்குப் பிறகும் கிருபா கேட்டாள். சாப்பிடும்போது கேட்டாள். மாத்திரை வாங்கிக் கொடுத்தபோது கேட்டாள். ஒவ்வொரு தடவையும் என் கண் முன்னால் அவள் முகம் வரவில்லை. ரூபி அக்காவின் முகம்தான் வந்தது. ரூபி அக்கா எங்கள் அடுத்த தெரு. அவர் மகனுக்குப் போன வருஷம் மெடிக்கல் சீட் கிடைத்து, கோயிலில் நன்றி சொல்லி ஸ்தோத்திரம் வாசித்தார்கள். எல்லோரையும் போல நானும் ஆமென் சொன்னேன். வயிறு எரிந்தது. ரூபி அக்கா முன்னால் போய் 'என் மகள் எழுதவில்லை' என்று சொல்வதா? அதைவிட, காமாலையில் கிடந்து எழுந்த பிள்ளையை மதுரை வரை கூட்டிக்கொண்டு போய்ப் பரீட்சை ஹாலில் உட்கார வைப்பது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. ஹால் டிக்கெட்டை ஆபீஸ் பிரின்டரில் நானே எடுத்து வந்து அவள் மேஜையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் ஏரியா ஜெபக் குழு மாதம் ஒரு வீட்டில் கூடும். இந்த மாதம் எங்கள் முறை. ஹால் நிறைய ஆட்கள். இடம் போதாமல் டைனிங் டேபிளை வெளியே தூக்கிப் போட்டோம். அடுப்படியில் டீயும் வடையும் தயார். பாட்டு, வேத வாசிப்பு எல்லாம் முடிந்தால், சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தன் ஜெபக் குறிப்பைச் சொல்ல வேண்டும். கடைசியில் ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜெபிப்பார். அதுதான் முறை.

ரூபி அக்கா மூட்டு வலியைச் சொன்னார். ஒருவர் மகனின் வேலையைச் சொன்னார். என் முறை வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வார வாரம் ஜெபிக்கிறீங்க, தெரியும். மகளுக்கு பரீட்சை நெருங்கிட்டு. நல்லபடியா எழுதணும்னு ஜெபிச்சுக்கிடுங்க" என்றேன்.

அடுத்து சுகந்தி. தரையைப் பார்த்தபடி, "எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

அடுத்து கிருபா. வழக்கமாகச் சின்னப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிடுவார்கள், முறை தாண்டிப் போய்விடும். கிருபா வாயைத் திறந்தாள்.

"நான் இந்த வருஷம் அந்த டெஸ்ட் எழுதல. உடம்பு முடியல. அடுத்த வருஷம் எழுதுதேன். அதை வெளிய சொல்லுததுக்கு எங்கப்பாவுக்கு வெக்கமா இருக்கு. அவங்களுக்குத் தைரியம் கிடைக்கணும்னு ஜெபிங்க."

குரல் நடுங்கியது. ஆனால் ஒரு வார்த்தைகூட விழுங்கவில்லை.

யாராவது சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துச் சமாளித்திருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை! அன்று ஜெபிக்க வேண்டியவர் தங்கராஜ் அண்ணாச்சி. அவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கண்ணை மூடி ஆரம்பித்தார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் பூரண சுகத்தைத் தாரும். எங்க தம்பி சாமுவேலுக்குத் தைரியத்தைத் தாரும். அவர் உள்ளத்துல இருக்கிற வெட்கத்தை எடுத்துப்போடும், ஆண்டவரே..." என் பெயரை அவர் சொல்லச் சொல்ல, கூட்டம் "ஆமென், ஆமென்" என்றது. எனக்காக நடக்கும் ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்க மனம் வரவில்லை.

டீ கொடுக்கும்போது ரூபி அக்கா, கிருபாவுக்கு முன்னால் இருந்த வடைத் தட்டைத் தள்ளி வைத்தார். "ஏளா, காமாலை வந்த உடம்பு, எண்ணெய்ப் பலகாரம் திங்காத." பிறகு என் பக்கம் திரும்பினார். நான் அடிக்குத் தயாரானேன்.

"ஏன் தம்பி, பிள்ளை நர்சிங்குக்குல்லா எழுதுதுன்னு நெனச்சேன். வக்கீலுக்கா?"

"வார வாரம் கோயில்ல வாசிச்சாங்களே அக்கா!"

"வாசிச்சாங்க. பிள்ளை பேரைச் சொல்லி ஜெபிச்சேன். எந்தப் பரீட்சைன்னு ஆண்டவருக்குத் தெரியாதாக்கும்?"

எந்த முகத்துக்குப் பயந்து பிள்ளையை இத்தனை நாள் வாட்டினேனோ, அந்த முகத்துக்கு அது என்ன பரீட்சை என்றுகூடத் தெரியவில்லை. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று நாம் உருகுகிறோமே... அந்த நாலு பேருக்கும் மூட்டு வலி இருக்கிறது, மகன் வேலை இருக்கிறது. நம் வீட்டுச் செய்தியைப் பாதிதான் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நான் என் வீட்டுச் செய்தியை அந்தப் பாதிகூடக் கேட்கவில்லை.

எல்லோரும் போனபிறகு கிருபா பிளாஸ்டிக் சேர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

"என்ட்ட தனியா சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேம்ப்பா. சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்." சேரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஆளுங்க இருந்தாத்தான் உங்களுக்குக் கேக்கும்னு தோணிச்சு."

மறுநாள் ஆராதனைக்கு முன்னால் ஐயரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கிருபாவின் பூரண சுகத்துக்காக என்று குறிப்பை மாற்றி வாசித்தார். இதோ, உங்களிடமும் சொல்லிவிட்டேன். என் மகள் இந்த வருஷம் நுழைவுத் தேர்வு எழுதவில்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இல்லை.

பெற்ற அப்பன் காதில் ஒரு வார்த்தை விழுவதற்கு, பிள்ளைக்கு வீடு நிறையச் சாட்சிகள் தேவைப்பட்டார்களே... வெட்கம் அதற்குத்தான்.