சீட்டில் உட்கார்ந்து அளந்த பேட்டரி

நான் வடிகட்டின முட்டாள் என்பது எனக்கு ஏழாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஊருக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் தகவல் வந்துசேரக் கொஞ்சம் நாளாயிற்று.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து பழைய புல்வெட்டும் வண்டி ஒன்றை வாங்கி வந்திருந்தார். குட்டி டிராக்டர் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுவது. செஞ்சியில் அதுவரை அந்த வேலையை ஆடுமாடுகள்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மாமாவுக்குக் கிடைத்த முதல் வேலையே எங்கள் பள்ளி மைதானம். விளையாட்டு விழாவுக்குள் வெட்டியாக வேண்டும். முதல் ரவுண்டில் ஸ்டீயரிங் என் கையில் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதை வகுப்பு முழுக்கப் பரப்பி, மதில்மேல் யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பதுவரை இடம் ஒதுக்கியிருந்தேன்.

சனிக்கிழமை காலை மைதானத்தில் சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்மூடியைத் திறந்தால், பேட்டரி வயிறு உப்பி, ஆசிட் கசிந்து கிடந்தது. அதைக் கடைக்குத் தூக்கிப்போக மாமாவுக்குப் பயம்; முன்பொரு பேட்டரி அவர் பேன்ட்டைச் சல்லடையாக்கியிருந்தது. அளவையும், பிளஸ் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்து வந்தால் போதும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. சயின்ஸில் நான் புலி என்று மாமாவிடம் நானே சொல்லிவைத்திருந்தேன்.

வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்து அளந்திருக்கலாம். காலியாக ஒரு சீட் இருக்கும்போது எவன் குனிவான்? ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்கு மேலே எட்டி, அம்மாவின் தையல் டேப்பால் அளந்தேன். நடுவில் வாயாலேயே இரண்டு ரவுண்டு ஓட்டி முடித்தேன்.

கடையில் என் கண் லாரி பேட்டரிமேல்தான் இருந்தது.

“இதப் போட்டா மலையே ஏறும் மாமா!”

“புல்லு வெட்டப் போறமா, கோட்டையப் புடிக்கப் போறமாடா?”

கடைக்காரர் என் அளவுக்கு இரண்டு பேட்டரிகளை எடுத்து வைத்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. பிளஸ் மட்டும் பக்கம் மாறியிருந்தது.

“வண்டிக்கு முன்னாடி நின்னு பாத்தா பிளஸ்ஸு எந்தக் கைப்பக்கம் தம்பி?”

“வலது!”

“நல்லாப் பாத்தியா?”

“கண்ண மூடிக்கினே சொல்லுவேன்.”

“அதான் பயமா இருக்குது” என்றபடி எடுத்துக் கொடுத்தார்.

நாங்கள் மைதானத்துக்குத் திரும்பியபோது மதில் நிறைந்திருந்தது. நான் அழைக்காத இரண்டு குரங்குகள்கூட வந்திருந்தன. கைதட்டலுக்கு நடுவே ஏறி, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பேட்டரி கச்சிதமாக உட்கார்ந்தது. மாமா சிவப்பு வயரை இழுத்தார். எட்டவில்லை. பேட்டரியைத் திருப்பி வைத்தார். முனைகள் எதிர் ஓரத்துக்குப் போய்விட, இப்போது இரண்டு வயருமே எட்டவில்லை.

மதில்மேல் சிரிப்பு கிளம்பிவிட்டது. மானம் போகும் அவசரத்தில் எனக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது.

“பேட்டரியத் திருப்பினா எட்டலன்னா இன்னா மாமா? வண்டியத் திருப்பி நிறுத்திக்கலாமே!”

மாமா என்னைப் பார்த்தார். வண்டிக்கு முன்னால் போய் நின்று பார்த்தார். பிறகு என் பின்னால் வந்து, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். உட்கார்ந்திருப்பவனின் வலது, எதிரே நிற்பவனுக்கு இடது என்பது அவருக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை. மாமா என் யோசனையைத்தான் ஆராய்கிறார் என்று நினைத்து, “எந்தப் பக்கம் திருப்பலாம் மாமா?” என்றேன்.

“மொதல்ல நீ எறங்குடா.”