வட்டத்துக்கு வெளியே

நாங்கள் விட்டுவந்த ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த கோடை அது. ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் ஜப்பானியர்களின் கோயில் தோட்டத்தில் விழா நடந்தது. இறந்தவர்கள் அந்த நாட்களில் திரும்பி வருவார்கள் என்று நம்பி, அவர்களை வரவேற்க எல்லோரும் வட்டமாக ஆடுவார்கள். யாரும் சேரலாம் என்றதால், வேடிக்கை பார்க்க வந்த நானும் சேர்ந்துகொண்டேன். மனைவி மரத்தடியில் நின்றாள்.

எனக்கு முன்னால் ஆடியவர் வயதான ஜப்பானியர். ஒடிசலான உடம்பு, நீலப் பருத்தி அங்கி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இடுப்புப் பட்டியில் செருகிக்கொள்வார். என் கைகள் பிழைத்தபோதெல்லாம் திரும்பி, மெதுவாக ஆடிக் காட்டினார்.

பாட்டு நின்றதும் ஜெர்மனில் கேட்டார்: "நீங்கள் ஆருக்காக ஆடுறீங்கள்?"

"தம்பிக்காக," என்று வாயில் வந்துவிட்டது.

"எப்ப இறந்தவர்?"

"தெரியாது. ஊரில ஆமி பிடிச்சுக்கொண்டு போனது. பிறகு ஒரு தகவலும் இல்லை."

அவர் முகம் மாறியது. அடுத்த பாட்டு தொடங்கியும் அவர் ஆடவில்லை. என் முழங்கையைப் பிடித்து வட்டத்துக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்.

"அப்ப இன்னும் கூப்பிடாதேங்கோ," என்றார். ஆழமாகக் குனிந்து வணங்கிவிட்டு, திரும்பவும் ஆடப் போய்விட்டார்.

மனைவிக்குக் கோபம். "அந்தாள் உங்களை ஏன் வெளியில விட்டவர்?"

"தெரியேல்லை," என்றேன்.

தம்பியின் படத்துக்கு மாலை போட அம்மா சம்மதிக்கவே இல்லை. அதற்காக நான் அவவோடு எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் எப்படி அவவின் பக்கம் போய் நின்றார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.