தலை தீபாவளிக்கு ஒரு டிவி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குத் தகராறுதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கம். இருபத்தைந்து வருடமாகப் பொக்லைன் ஓட்டுகிறேன். கண்மாயில் மண் எடுப்பேன், தைலமரக் கட்டை பிடுங்குவேன், வீடு கட்டுகிறவர்களுக்கு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக் கொடுப்பேன். எந்திரத்தின் சத்தத்துக்குள் உட்கார்ந்துவிட்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது வசதி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் கடைசி இலையாகப் பார்த்து உட்காருகிற ஆள் நான்.

போன ஆனியில் ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் விராலிமலைப் பக்கம், வேலை பெங்களூரில். நல்ல பையன். ஆனால் அவரும் என்னைப் போலவே வாய் திறக்காதவர். மறுவீட்டுக்கு வந்தபோது நாங்கள் இருவரும் ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார்கள். ஆடி முடிந்து வந்தபோது, பையிலிருந்து விளையாட்டுப் பெட்டி ஒன்றை எடுத்து எங்கள் பழைய டிவியில் மாட்டினார். கையில் பொத்தான் வைத்த ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் விளையாடியிருப்பார். பிறகு வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். ஆபீஸ் வேலை இருக்கிறது என்று அன்று சாயங்காலமே கிளம்பினார்கள். காரில் ஏறும்போது மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து வருவது தலை தீபாவளி. அதற்கும் வந்த வேகத்தில் திரும்பினால், இந்த வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்குவது என்பதே மகளுக்கு இல்லாமல் போய்விடும். அந்தப் பயம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மகளுக்குப் போன் செய்து, மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் என்ன குறை என்று கேட்டேன்.

"குறையெல்லாம் ஒண்ணுமில்லப்பா. அவருக்கும் ஒங்களை மாதிரி பேச வராது. அந்த கேம் இருந்தா எங்கன வேணாலும் உக்காந்துருவாரு. நம்ம டிவியில அது சரியா வரல, அவ்வளவுதான்."

அப்படியென்றால் டிவி வாங்கிவிடுவோம் என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும், கவனிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். 120 என்ற எண் இருக்க வேண்டும். படம் நொடிக்கு அத்தனை முறை மாறுமாம். வயர் செருகும் இடத்தில் 2.1 என்று இருக்க வேண்டும். கேம் மோடு வேண்டும்.

என் மனைவிக்கு விஷயம் தெரிந்தபோது, "தலை தீபாவளிக்கு மோதிரம் போடுவாக, வண்டி எடுத்துக் குடுப்பாக. டிவியை வாங்கி நம்ம வீட்டுலயே வச்சுக்கிறது எந்த ஊரு சீரு?" என்று கேட்டாள். மோதிரமும் உண்டு என்று சொன்ன பிறகுதான் அடுப்படிக்குப் போனாள்.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்திக்கொண்டிருந்தது. எதைப் பார்த்தாலும் நன்றாகத்தான் இருந்தது. "என்ன பட்ஜெட்ணே?" என்று விற்பனைப் பெண் கேட்டதற்கு, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து மறுபடியும் போனேன். எழுதி வைத்திருந்த தாளை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். படித்துவிட்டு ஆளை ஏற இறங்கப் பார்த்தாள். பேரனுக்கா என்று கேட்டாள். மாப்பிள்ளைக்கு என்றதும் அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது. உள்பக்கம் இருந்த தனி அறைக்குக் கூட்டிப் போனாள். இருந்ததிலேயே அகலமான ஒன்றைக் காட்டி, ஊரே பார்க்கலாம் என்றாள். பக்கத்தில் அதைவிடச் சின்னதாக ஓஎல்இடி என்று ஒன்று இருந்தது. அதில் கறுப்பு என்றால் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற கறுப்பு. ஓரமாக நின்று பார்த்தாலும் நிறம் மங்கவில்லை. இரண்டுக்கும் அடியில் 120 என்றுதான் எழுதியிருந்தது. எதை எடுப்பது என்று தெரியவில்லை.

அங்கே விளையாட்டுப் பெட்டியும் வைத்திருந்தார்கள். கேட்பதா வேண்டாமா என்று வெகுநேரம் நின்றேன்.

"நான் ஒரு தடவை புடிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டேன். எனக்கு அது பெரிய பேச்சு.

கார் ஓட்டும் விளையாட்டு. பெரிய டிவியில் கட்டையை இடது பக்கம் தள்ளினேன். கார் திரும்பியது, ஆனால் என் கைக்குப் பிறகு திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத தாமதம்தான். எனக்கு அது கையில் தெரிந்தது. பம்பு தேய்ந்த பழைய எந்திரத்தில் லீவரைத் தள்ளினால் பக்கெட் இப்படித்தான் ஒரு மூச்சு தாமதித்துக் கிளம்பும். அதில் வானம் தோண்டினால் கோடு நேராக வராது. அந்தப் பெண் கேம் மோடைப் போட்டுக் கொடுத்தாள். தாமதம் குறைந்தது, ஆனாலும் இருந்தது. சின்னதில் மாற்றிக் கொடுத்தாள். கை திரும்பும்போதே கார் திரும்பியது.

"இது போதும்மா" என்றேன். பெரியதுதான் இப்போது ஓடுகிறது, எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றாள். அதில் கை பிந்துகிறது என்றேன். அவளும் இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆமாண்ணே என்றாள்.

டிவி வந்து சேர்ந்து இரண்டாம் நாள் ஆயுத பூஜை. பொக்லைனைக் கழுவி, பக்கெட்டில் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தேன். மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின், என் செல்போன் எல்லாவற்றுக்கும் வைத்தேன். புது டிவியை விடலாமா? திரையின் கீழ் மூலையில் பெரிய பொட்டாக வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். கறை மிச்சம் இருந்தது. நிலைக்கண்ணாடியையும் குத்துவிளக்கையும் திருநீற்றில்தானே துடைக்கிறோம் என்று, துணியில் திருநீற்றைத் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். கறை போய்விட்டது. டிவியைப் போட்டால் அந்த இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புகை படிந்த மாதிரி வெளுத்திருந்தது. டிவியை மேசைமேல் பொருத்திக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேலே மெல்லிய பூச்சு இருக்கும், அது போய்விட்டது, திரையையே மாற்றினால்தான் உண்டு என்றார்.

தினமும் டிவியைப் போட்டு அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பிளாஸ்டிக் பூ ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து அந்த மூலைக்கு முன்னால் வைத்தாள்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை டிவியைப் பார்த்து நின்றார். சுற்றிப் பின்பக்கம் போய் வயர் செருகும் இடத்தைப் பார்த்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் அடுப்படிக்குப் போனாள். மறுநாள் சாயங்காலம் கிளம்ப வேண்டும் என்று வந்த கையோடு சொன்னவர், பெட்டியை எடுத்து மாட்டினார். மாட்டிவிட்டு அந்தப் பூ ஜாடியைத் தூக்கி ஓரமாக வைத்தார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன்.

"மாமா, இது என்ன?"

ஏதாவது சொல்லி மழுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் சொல்லவும் எனக்கு வராது. "ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சேன் மாப்பிள்ளை. தொடைக்கையில துன்னூறைப் போட்டுத் தேச்சுப்புட்டேன். கண்ணாடின்னு நெனச்சேன். உங்களுக்குன்னு பாத்துப் பாத்து வாங்குனது" என்றேன். நான் அவரிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கையில் இருந்த கட்டையைத் திருப்பி என்னிடம் காட்டினார். பொத்தான் இடுக்கில் சிவப்பாக ஏதோ அடைந்திருந்தது.

"குங்குமம் மாமா. ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனப்ப எங்க அம்மா இதுக்கும் வச்சுட்டாங்க. ஊசி வச்சுக் குத்தியும் வரல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அடுப்படியிலிருந்து தாயும் மகளும் எட்டிப் பார்த்தார்கள்.

விளையாட்டில் வழி காட்டும் சின்ன வரைபடம் சரியாக அந்த வெளுத்த மூலையில்தான் வந்தது. அவர் எதையோ அழுத்தி அதை மறுபக்கத்துக்கு நகர்த்திவிட்டார். பிறகு இன்னொரு கட்டையை என் கையில் கொடுத்தார். முதலில் மூன்று முறை சுவரில் மோதினேன். நாலாம் முறை முழு வட்டமும் ஓட்டினேன். "பிரேக்கைத் தொடாமலே திருப்புறீங்களே மாமா, எப்படி?" என்று கேட்டார். எந்திரத்தை மேட்டில் திருப்புவது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். சாப்பிட வரச் சொல்லி என் மனைவி மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் யாரும் கிளம்புவதைப் பற்றிப் பேசவில்லை. ஆபீஸ் வேலையை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் நாள்தான் கிளம்பினார்கள். பையைக் காரில் ஏற்றும்போது, விளையாட்டுப் பெட்டி டிவிக்குக் கீழேயே இருப்பதைப் பார்த்து, மாப்பிள்ளை மறந்துவிட்டாரே என்று அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"இருக்கட்டும் மாமா" என்றார். "பொங்கலுக்கு வருவோம்ல. அதுவரைக்கும் நீங்க ஓட்டிப் பழகுங்க."

மகள் காருக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

கார்த்திகை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை எழுதியது.