அவர் இருக்கும் இடம்

என் வேலை என்னவென்று ஆரணியில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. சென்னையிலுள்ள ஒரு செய்தி நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கலவரம், வெள்ளம், குண்டுவீச்சு என்று இணையத்தில் வரும் வீடியோக்கள் சொன்ன இடத்தில் எடுத்தவைதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நிழல் விழும் பக்கம், கடைப் பலகை, மலையின் விளிம்பு இவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் இடம் அகப்பட்டுவிடும். "நாள் பூரா போனப் பாத்துகினு கீறா, அதுக்குச் சம்பளம் வேற" என்பது எதிர்வீட்டம்மாவின் தீர்ப்பு. பாதி உண்மைதான்.

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். போன வருஷம் அமைதிப்படையோடு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு அனுப்பினார்கள். அடிக்கடி இடம் மாறும் சின்ன முகாம். எந்த ஊர் என்று மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாதாம். எனக்கு எரிச்சலாக வந்தது. பேசும்போது பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்டால், "போன அந்தப் பக்கம் திருப்பு" என்பார். அவருக்கு ஆரணி கிடைத்துவிடும். நான் அவரை எந்த மண்ணில் நிற்கவைத்து நினைப்பது?

ஒருநாள் இணையத்தில் தன் பக்கத்தில் ஒரு படம் போட்டார். பாழடைந்த பள்ளிக்கூடத்தின் முன்னால், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிய ஹீரோ மாதிரி. சொந்தபந்தமெல்லாம் லைக் போட்டது. நான் பின்னால் தெரிந்ததைப் பார்த்தேன். இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், வளைந்து போகும் செம்மண் சாலை, ஒரு மொட்டைக் குன்று. அந்த நாட்டுக்காரர் ஒருவர் சந்தையில் எடுத்த வீடியோவில் அதே குன்று இருந்தது. சோறு ஆறிப்போவது தெரியாமல் தேடினேன். செயற்கைக்கோள் படத்தில் அந்தத் தொட்டிகள் தெரிந்ததும் திரையைத் தடவினேன். சொன்னால் சிரிப்பீர்கள், கன்னத்தையும் வைத்துப் பார்த்தேன்.

அன்று அவர் கூப்பிட்டதும் பெருமை தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"நீங்க எங்க கீறீங்கன்னு கண்டுபுடிச்சிட்டேன்."

"இன்னா, குறி பாக்கிறியா?"

"நீங்க தங்கிகினு கீறது பள்ளிக்கூடம். மேற்கால ரெண்டு தண்ணி டேங்க். வாசல் கேட்டு செம்மண் ரோட்டப் பாத்துகினு கீது."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மாடியறையில் உட்கார்ந்து நான் கண்டுபிடித்ததை, அவர்களைத் தாக்க நினைப்பவன் கண்டுபிடிக்க மாட்டானா? வீரர் போட்ட படமே முகாமைக் காட்டிக்கொடுத்த செய்திகளை நானே சரிபார்த்திருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தக் காலத்து நுணல் போட்டோ போடுகிறது.

"ஜல்தி அத எடுத்துடுங்க. எனக்கும் இனிமே அனுப்பாதீங்க" என்றேன்.

"உனக்குமா?"

"வந்தா நான் தேடுவேன். அனுப்பித்தான் ஆவணும்னா பின்னால போர்வயக் கட்டிட்டு மொகத்த மட்டும் எடுத்து அனுப்புங்க."

தன் பக்கத்திலிருந்து படத்தை நீக்கிவிட்டார். அந்த வாரமே முகாமும் இடம் மாறியது. "எங்கதான் கீறான் எம்புள்ள?" என்று மாமியார் கேட்டால், "தெரியல அத்தை" என்கிறேன். இப்போது அது பொய்யுமில்லை.

நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தார். இளைத்திருக்கிறார், சிரிக்கிறார், பின்னால் கட்டம் போட்ட போர்வை. ஓரத்தில் ஒரு ஜன்னலாவது, துளி வானமாவது விட்டுப்போயிருக்காதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதுவும் இல்லை. நல்லவேளை, நல்லவேளை என்று சொல்லிக்கொண்டே அழுதேன்.